ராடுடன், ராடு இல்லாமல்

ஐப்பசி 23, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. மகள் நித்யா இன்று மதியம் ஓசூர் பஸ் ஏறினாள். அவள் கம்பெனியில் இதற்கு மேல் லீவு இல்லை. வீட்டில் நான் மட்டும்.

சிலிண்டர் மாற்றினேன். போன தடவை மாற்றியது புரட்டாசி 20. வந்தவர்களுக்கெல்லாம் சமைத்ததில் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

இந்த நோட்டில் இதுவரை சிலிண்டர், பால், குடிதண்ணீர் முறை தவிர வேறு எழுதியதில்லை. மீதிப் பக்கங்களை வேறொரு கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் குழந்தைவேலு, லைன் இன்ஸ்பெக்டர். ஆயுத பூஜை அன்று மாலை நாலு மணிக்கு வெள்ளக்கல் பள்ளத்துக் கம்பத்தில் இறந்தார். கம்பி மேல் புளியங்கிளை விழுந்திருந்தது. சப்ஸ்டேஷனில் கரண்டை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதை உறுதி செய்துகொண்டுதான் ஏறினார். கரண்ட் இல்லாத கம்பியைத் தொட்டு, கரண்ட் அடித்து இறந்தார். மருத்துவர் அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது.

கீழே நின்றவர் வயர்மேன் மாதப்பன். பதினெட்டு வருஷமாக இவருடன் வேலை பார்த்தவர். "எர்த் ராடை வண்டியில் ஏற்ற மறந்தது என் தவறு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எர்த் ராடு என்பது நீளமான கம்பு. தலையில் ஒரு கொக்கி, அதிலிருந்து தடித்த செம்புக் கயிறு. கயிற்றின் மறுமுனையை மண்ணில் அடித்துவிட்டு, கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அன்று ராடு இல்லை. மாதப்பனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கார்த்திகை 12 விசாரணை. அவர் எழுதியதை ஏற்றுக்கொண்டால் வேலை போய்விடும்.

ராடு இருந்திருந்தாலும் இவர் பிழைத்திருக்க மாட்டார் என்று காட்ட முடிந்தால் மாதப்பனைக் குற்றம் சொல்ல முடியாது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன். முருகா, துணை இரு.

பூஜை அறை சாத்தியே இருக்கிறது. தீட்டு.

ஐப்பசி 24, வெள்ளி

குடிதண்ணீர் வந்தது. ஒன்பது குடம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. கல்யாணமான மூன்றாம் வருஷம் இவர் துறைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. புத்தகத்தைத் திறந்தாலே தூங்கிவிடுவார். நான் படித்து, இட்லி வேகும் நேரத்தில் அவரிடம் கேள்வி கேட்பேன். மூன்று தேர்வும் அப்படித்தான் தேறினார். அவர் தேறிய பிறகும் நான் நிறுத்தவில்லை. நூலகத்தில் இருந்ததைப் படித்தேன். நித்யாவுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி அவள் ஓசூர் போனதும் என்னிடம் வந்தது. சமன்பாடுகளைத் துண்டு துண்டாக வெட்டித் தீர்க்கும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு வருஷமாக அதைப் பழகினேன். "சாமி கும்புடற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எங்கூட்டுக்காரி இன்ஜினியர்" என்று இவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளக்கல் பள்ளத்தில் இவர்கள் கம்பிக்குப் பக்கத்திலேயே பெரிய கோபுர லைன் போகிறது. இருநூற்று முப்பதாயிரம் வோல்ட். நாலு கிலோமீட்டர் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கமாகவே ஓடுகின்றன. பெரிய லைனை அன்று யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

கோபுரத்தின் உயரம், இரண்டுக்கும் நடுவில் இருபது மீட்டர், இவர் கம்பியின் உயரம் எட்டு மீட்டர். எல்லாம் இவர் டைரியில் இருந்தது. பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த மாதிரி படம் வரைந்தேன். மண், கம்பிகள், காற்று.

வெள்ளிக்கிழமை. கந்தனை அடுப்படியில் நின்றே நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 26, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

ஐப்பசி 27, திங்கள்

மென்பொருள் காற்றை முழுவதும் முக்கோணங்களாக வெட்டுகிறது. கம்பிக்குப் பக்கத்தில் பொடியாக, தூரத்தில் பெரிதாக. ரொம்பப் பொடியாக்கினால் மடிக்கணினி சூடேறி நின்றுவிடுகிறது. இரண்டு தடவை நின்றது. மூன்றாம் தடவை, அரிசி ஊறப்போட்ட நேரத்தில் முடித்துக் கொடுத்தது.

இவர் கம்பியில் பூஜ்யம் வோல்ட். சுத்தமான பூஜ்யம். படத்தில் அந்த இடம் நீலமாக இருந்தது.

நெஞ்சு லேசானது. பெரிய லைனால் எதுவும் வரவில்லை, சப்ஸ்டேஷனில்தான் யாரோ தெரியாமல் கரண்டை விட்டிருக்கிறார்கள், அப்படியானால் ராடு பற்றிய பேச்சே வேண்டாம் என்று ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். மாவாட்டினேன்.

பிறகு பார்த்தேன். அந்தக் கம்பிக்குப் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். நிறுத்திவிட்ட கம்பி, அதனால் பூஜ்யம் என்று நினைத்துத் தட்டியிருக்கிறேன். நிறுத்திய கம்பி வேறு, பூஜ்யமான கம்பி வேறு. நிறுத்திய கம்பி எதிலும் ஒட்டாமல் காற்றில் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய லைன் அதை எவ்வளவு உயர்த்துகிறதோ அவ்வளவு உயரும். அதைப் பூஜ்யத்தில் பிடித்து வைப்பது மண்ணோடு கட்டிய செம்புக் கயிறு மட்டும்தான். நான் அந்த எண்ணைத் தட்டியதே ராடு மாட்டியதற்குச் சமம்.

எனக்கு ஒரு விசையைத் தட்டினால் போதும்.

ஐப்பசி 29, புதன்

மாதப்பன் வந்தார். சட்டையில் செம்மண். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போகிறாராம்.

"இந்த வயசுல கெழங்கு புடுங்கறது முதுகுல தெரியுதுங்கண்ணி. கம்பம் ஏறுன காலு, காட்டுல நிக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

"காபி குடிக்கிறீங்களா?"

"குடுங்க. அண்ணன் இருந்தா சக்கரை பத்தலைன்னு உங்ககிட்டத் திட்டு வாங்கியிருப்பாரு."

டம்ளரை வைத்துவிட்டு, "மறந்துட்டேன்னு ஏன் எழுதினீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மறந்தேன், எழுதினேன். வேறென்னங்க."

"வண்டியில ஏத்தறது அவர் பொறுப்பும்தானே?"

"போனவர் மேல எழுதுனா கவனக்குறைவுன்னு போட்டுருவாங்க அண்ணி. நம்ம பாப்பாவுக்கு வாரிசு வேலை கேட்டுப் போறப்போ அந்த ஒரு வார்த்தை குறுக்க நிக்கும். எனக்கென்ன, ரெண்டு கை இருக்குது."

எழுந்தபோது பூஜை அறைக் கதவைப் பார்த்தார். பூட்டு தொங்குவதைப் பார்த்தார். உடனே வாசலைப் பார்த்துச் செருப்பைத் தேடினார்.

குடிதண்ணீர் வந்தது. ஏழு குடம்.

கார்த்திகை 2, சனி

சூரசம்ஹாரம். விரதம். கோயிலுக்குப் போகவில்லை. துக்க வீடு.

காலையிலிருந்து ஒரே வேலை. இவர் கம்பிக்கு இப்போது எண் எதுவும் கொடுக்கவில்லை. கம்பியில் சேரும் மின்னேற்றத்தின் கூட்டுத்தொகை மட்டும் பூஜ்யம், வோல்ட் எவ்வளவு என்று நீயே சொல் என்று சமன்பாட்டில் எழுதினேன். முதலில் இருபதாயிரத்துக்கு மேல் வந்தது. பயந்துவிட்டேன். பார்த்தால், பெரிய லைனின் மூன்று கம்பிகளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவதாகக் கொடுத்திருக்கிறேன். மாறுமின்சாரத்தில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். ஒன்று தூக்கும்போது இன்னொன்று கொஞ்சம் இறக்கிவிடும். அதைச் சொல்ல ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு, எப்போது என்று இரண்டு எண்கள் வேண்டும். திருத்தினேன்.

ஆறாயிரத்து நானூறு வோல்ட்.

நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டால், தொட்ட கை வழியே ஓடுவது ஐம்பத்தெட்டு மில்லி ஆம்பியர். புத்தகத்தில் பார்த்தேன். முப்பதுக்கு மேல் போனால் பிடித்த கையை விட முடியாது, மூச்சு நிற்கும் என்று போட்டிருக்கிறது.

கரண்ட் இல்லாத கம்பி.

கோயில் வெடிச்சத்தம் இங்கே வரை கேட்டது. பாலும் பழமும் எடுத்துக்கொண்டேன். பழத்தைப் பாதியில் வைத்துவிட்டேன்.

கார்த்திகை 3, ஞாயிறு

முக்கோணங்களை இன்னும் பொடியாக்கிப் பார்த்தேன். 6,380. மாறவில்லை.

கார்த்திகை 5, செவ்வாய்

ராடு இருந்திருந்தால்?

வெள்ளக்கல் பள்ளம் பாறை நிலம். பெயரிலேயே இருக்கிறது. காய்ந்த பாறையில் செம்புக் கயிற்றின் முனையை எவ்வளவு அடித்தாலும் மண் பிடிக்காது. அதனால் ராடு இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இதைத்தான் கொஞ்ச நாளாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அதை எழுதிப் பார்த்தேன்.

நல்ல மண், பத்து ஓம்: கம்பியில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.
மோசமான மண், இருநூறு ஓம்: பன்னிரண்டு வோல்ட்.
பாறை, ஆயிரம் ஓம்: ஐம்பத்தெட்டு வோல்ட்.

ஆயிரம் ஓம் என்பது நானாக வைத்த எண். அவ்வளவு மோசமான மண் அங்கே இருக்காது. இருந்தாலும் ஐம்பத்தெட்டு வோல்ட்தான். கையுறை போட்டிருந்தார்; ஆறாயிரத்தைத் தாங்காத அது ஐம்பத்தெட்டைத் தாங்கியிருக்கும். உதறிவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, கிளையை வெட்டியிருப்பார்.

ஐயாயிரம் ஓம் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஆளைக் கொல்லும் அளவுக்கு வந்தது. உலகத்தில் அப்படி ஒரு மண் இருக்கிறதா என்று தேடும்போது, என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. மூடி வைத்தேன்.

பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

கார்த்திகை 7, வியாழன்

நித்யா போன் செய்தாள்.

"சாமி ரூமைத் தொறந்தியாம்மா?"

"தீட்டு இருக்கே."

"தீட்டு பதினாறோட போச்சும்மா. அத்தை கூட விளக்கேத்தச் சொல்லிட்டுத்தானே போனாங்க. நீ ஒரு நாள் கூட விளக்கு வைக்காம இருந்ததில்ல. எனக்குப் பயமா இருக்கு."

"பூட்டு துருப்பிடிச்சிருக்கு."

"ஒரு மாசத்துல துருவா?" என்று கேட்டாள்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

ஆயுத பூஜைக்கு இவர் தன் சாமான்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவார். கட்டிங் பிளேயர், பெல்ட், ஸ்பானர், எர்த் ராடு. ராடு ஆபீஸுடையது இல்லை. சேலத்தில் சொல்லிச் செய்து வாங்கியது. யாரிடமும் கொடுக்க மாட்டார். செம்புக் கொக்கியை நான்தான் புளி போட்டுத் தேய்ப்பேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, சுண்டல். அன்றும் அப்படித்தான். மூன்று மணிக்குப் போன் வந்தது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பூஜை அறைக்குள் நுழைந்தார்.

நான் வாசற்படியில் நின்றேன்.

"பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுங்க. நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"அவசரம் புள்ள. ராடு மட்டும்."

"ஆபீஸ்ல ஒண்ணு இருக்குதில்ல? அதை எடுத்துக்குங்க. வருஷத்துல ஒரு நாளு. நீங்க கம்பத்துல ஏறி எறங்கற வரைக்கும் நான் யாரை நம்பி இங்க உட்காந்திருக்கேன்?"

என்னைப் பார்த்தார். "சரி" என்றார். ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் மறுபூஜை நடக்கவில்லை. அறையைப் பூட்டினேன். ராடு உள்ளே இருக்கிறது.

இதுதான் நடந்தது. மாதப்பன் எதையும் மறக்கவில்லை.

கார்த்திகை 10, ஞாயிறு

தீபம். தெருவெல்லாம் அகல். எங்கள் வீட்டு வாசல் மட்டும் இருட்டு.

மாதப்பன் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பன்னெண்டாந் தேதி நீங்க வர வேண்டியதில்லீங்கண்ணி. எங்கிட்டக் கேப்பாங்க, நான் சொல்லிக்கறேன்."

"ராடு எங்கன்னு அவர்கிட்ட அன்னிக்குக் கேட்டீங்களா?"

பழத்தை என் கையில் கொடுத்தார்.

"கேட்டனுங்க. சாமிகிட்ட இருக்குதுடா, நாளைக்குத்தான் விடும்னாரு. ஆபீஸ் ராடு போன மாசமே கொக்கி உடைஞ்சு கெடக்குதேண்ணா, கொஞ்சம் பொறுக்கலாமேன்னேன். கரண்ட் இல்லாத கம்பிடா, அஞ்சு நிமிசம்னாரு. சிரிச்சுக்கிட்டே ஏறுனாரு."

உடைந்திருந்தது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் "சரி" என்றார்.

"அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க. அந்த ராடை எடுத்து ஏதாச்சும் கெணத்துல போட்டுருங்க. அது இங்க இருக்கறது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நான் எங்கியும் சொல்ல மாட்டேன்."

"உங்க வேலை?"

"கெழங்கு சீசன் தை வரைக்கும் இருக்குது."

அவர் போன பிறகு பழத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாமிக்கு வைத்துவிட்டுத்தான் எப்போதும் சாப்பிடுவோம். அடுப்பு மேடையில் வைத்தேன்.

கார்த்திகை 12, செவ்வாய்

விடிந்ததும் குளித்து, பூட்டைத் திறந்தேன். திறக்கும்போது சிரமமாக இல்லை.

பொரி ஈரத்தில் சுருங்கிக் கிடந்தது. சுண்டலில் பூஞ்சை. பூ கருகி ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டி எடுத்தேன். விளக்கேற்றினேன். கற்பூரம் காட்டி, மறுபூஜைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முப்பத்தைந்து நாள் தாமதம். பிறகு ராடை எடுத்தேன். நான் நினைத்ததை விடக் கனம்.

பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் யோசித்தார். "இது என்னம்மா, தூண்டிலா?"

"எங்கூட்டுக்காரர் சாமான்" என்றேன். விட்டுவிட்டார்.

விசாரணை அதிகாரி சாந்தகுமாரி மேடம். என் வயதுதான் இருக்கும். மாதப்பன் சுவரோரம் நின்றிருந்தார். ராடைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் முதலில் படங்களைக் கொடுத்தேன். மேடம் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"இதை யாரும்மா பண்ணிக் கொடுத்தாங்க?"

"நான்தாங்க பண்ணேன்."

"நீங்களா? மூணு கம்பியையும் தனித்தனியா வச்சு? ராடு இருக்கிற மாதிரியும், இல்லாத மாதிரியும்?"

"ஆமாங்க."

மேடம் மறுபடியும் முதல் படத்துக்குத் திருப்பினார். "கணக்கு சரியா இருக்கும்மா. ஆனா இது எங்களுக்குத் தெரியாதது இல்ல. பக்கத்துல பெரிய லைன் போனா இப்படித்தான் ஏறும். அதுக்குத்தானே ராடு வச்சிருக்கோம்."

"தெரியுங்க. ராடு இருந்திருந்தா பொழைச்சிருப்பார்னுதான் கணக்கு சொல்லுது. அந்த ராடு இது. எங்க வீட்டுப் பூஜையில இருந்துச்சு. எடுக்க வந்தார். நான் எடுக்க விடல. மாதப்பன் எதையும் மறக்கல."

மேஜை மேல் வைத்தேன். கொக்கியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது.

மேடம் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, அவருக்கு இருபத்தேழு வருஷ சர்வீஸ். ராடு இல்லாம கை வைக்கக் கூடாதுன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் அவர் கேட்டிருக்கக் கூடாது."

"எங்கூட்டுக்காரர் நான் சொன்னா கேப்பாருங்க."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"இதை எழுத்துல வாங்கினா, அறிக்கையில அவர் பேருக்கு நேரா கவனக்குறைவுன்னு வரும். உங்க பொண்ணு வேலைக்கு மனு போட்டிருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நான் வேணும்னா டீ குடிச்சிட்டு வர்றேன்."

"யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன்."

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராடை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஒரு அட்டையில் எண் எழுதிக் கட்டினார்கள்.

வெளியே மாதப்பன் பின்னாலேயே வந்தார். அவருக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"அண்ணன் பேரைக் கெடுத்துட்டீங்களே அண்ணி! நான் கேட்டனா? என் வேலையத் திருப்பிக் குடுங்கன்னு உங்ககிட்ட நான் கேட்டனா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அவர் ஏறவில்லை.

கார்த்திகை 13, புதன்

நித்யாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் அழுதாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். இனி எப்போது போன் செய்வாள் என்று தெரியவில்லை.

குடிதண்ணீர் வந்தது. எட்டு குடம்.

பூஜை அறையைத் துடைத்தேன். ராடு கிடந்த இடத்தில் மட்டும் தூசி படியாமல் நீளமாக ஒரு கோடு. அதைத் துடைக்கவில்லை.

மடிக்கணினியில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. பழைய கோப்புகளை அழித்தேன். இருபதாயிரம் வந்த தப்பான கணக்கு, பத்தாயிரம் ஓம் மண், எல்லாம் போயிற்று. "ராடு இல்லாமல்" என்ற கோப்பையும் அழித்தேன். அதன் அச்சுப்படி மேடத்திடம் இருக்கிறது. அவர்களுக்கு அதுதான் வேண்டும்.

"ராடுடன்" என்பதைத் திறந்தேன். பெரிய லைனைச் சுற்றிச் சிவப்பு. அது வெளியே வர வர மஞ்சள், பச்சை. இவர் கம்பியும் அதைத் தொட்டிருக்கும் கை உயரமும் நீலம். பூஜ்யம்.

மறுபடியும் ஒரு தடவை ஓடவிட்டேன். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அதே நீலம்தான்.

சோறு இரண்டு பேருக்கு வைத்திருந்தேன்.